அயோனியத் தீவுகளிடையே பாய்மரப் படகில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸ் நாட்டின் மேற்குக் கரையோரம் உள்ள அயோனியத் தீவுகளிடையே நண்பர்கள் ஆறு பேர் பாய்மரப் படகில் விடுமுறையைக் கழித்துவிட்டு வந்ததிலிருந்து, அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும் என்னிடம் ஒரே வகை ஐயங்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. நாங்கள் எடுத்த படங்களில் நீலக் கடல் இருக்கிறது. ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பது அவற்றில் இல்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

மத்தியதரைக் கடலில் எத்தனையோ தீவுகள் இருக்க, ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

தீவுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதும், கோடைக் காற்று மிதமாக வீசுவதும்தான் காரணம். லெஃப்கடா, மெகனிசி, இத்தாக்கா, கெஃபலோனியா ஆகிய நான்கு தீவுகளும் ஒரே நீர்ப்பரப்பைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒரு துறையிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். லெஃப்கடா நிலப்பகுதியோடு பாலத்தால் இணைந்திருப்பதால் அங்கு வரை காரிலேயே போகலாம். ப்ரெவெஸாவை ஒட்டிய விமான நிலையமும் அருகில்தான் இருக்கிறது.

கிரீஸின் கிழக்குப் பக்கமான ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று சில சமயம் நாள்கணக்கில் ஓயாமல் வீசும். அனுபவம் உள்ளவர்களுக்கு அது விருந்து. முதன்முறை போகிறவர்கள் அங்கே துறையிலேயே இரண்டு மூன்று நாள் முடங்கிவிட நேரலாம் என்பதால், அயோனியன் பக்கமே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நாள் என்றால் உண்மையில் என்னதான் நடக்கும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்.

மெகனிசியின் ஸ்பார்தோகோரித் துறையிலிருந்து இத்தாக்காவின் கியோனிக்குப் போன நாளை எடுத்துக்கொள்கிறேன். ஊர் குன்றின் மேல் இருக்கிறது, துறை அடிவாரத்தில். ஏழு மணிக்கு இருவர் மேலே ஏறிச் சென்று சூடான ரொட்டி வாங்கி வருவதற்குள், மற்றவர்கள் குளித்துவிட்டு, முந்தின இரவே இறக்கி வைத்த டிகாக்‌ஷனுக்குப் பால் காய்ச்சிவிடுவார்கள். படகின் அடுப்பு இருபுறமும் ஊஞ்சல்போல் தொங்குவது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். அலையில் படகு அசையும்போது பால் பாத்திரம் அசையாமல் நிற்பதையும், அதைச் சுற்றிச் சமையலறை முழுவதும் ஆடுவதையும் முதல் நாள் நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நின்று பார்த்தோம்.

ஒன்பது மணிக்கு வானிலை அறிக்கையைப் படித்து, வரைபடத்தில் வழியைக் குறித்து, ஒன்பதரைக்குக் கயிறுகளை அவிழ்த்தோம். காலையில் கடல் எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடக்கும்; ஆகவே முதல் ஒரு மணி நேரம் எஞ்சின்தான். மெகனிசிக்கும் லெஃப்கடாவுக்கும் இடையிலான கால்வாய் போன்ற நீர்வழியில் தெற்கே இறங்கி, ஒரு சிறு குடாவில் நங்கூரமிட்டு நீந்தி, தக்காளியும் வெள்ளரியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டு முடிக்கும்போது, பன்னிரண்டு மணியளவில் தண்ணீரின் மேல் கருமையான சுருக்கங்கள் தெரிந்தன. காற்று வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பாய்களை ஏற்றி எஞ்சினை நிறுத்தியதும் எழும் அமைதிக்காகவே நான் மறுபடியும் போவேன். படகின் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் ஓசையைத் தவிர வேறு எதுவும் கேட்காது. ஆளில்லாத அர்கூதித் தீவைத் தாண்டி, மொத்தம் சுமார் 14 கடல் மைல் கடந்து, இரண்டரை மணிக்குக் கியோனிக்குள் நுழைந்தோம். குடாவின் முனையில் பாழடைந்த மூன்று காற்றாலைகள் நிற்பதால் அடையாளம் தவறாது. மாலையில் ஊரைச் சுற்றி, கரையோரக் கடையில் சாப்பிட்டு, பதினொன்றுக்குத் தூங்கப் போனோம். கியோனி கிழக்கு நோக்கிய குடா. சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிட்டாலும், ஜூலையில் ஒன்பது மணி வரை வானில் வெளிச்சம் இருக்கும்.

எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. அப்படியும் போக முடியுமா?

போகலாம், படகோடு ஒரு ஸ்கிப்பரையும், அதாவது படகை நடத்தும் தலைவரையும், சேர்த்து வாடகைக்கு எடுக்க வேண்டும். அவருக்குத் தூங்க ஓர் இடமும் உங்களோடு உணவும் உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் படுக்கும் படகில் நீங்கள் ஏழு பேராகவே போக முடியும். நாங்கள் முதல் முறை இப்படித்தான் போனோம். அவரை ஓட்டுநராக மட்டும் நினைக்காமல் ஆசிரியராகவும் எண்ணி, பாய் ஏற்றவும் கயிறு கட்டவும் கேட்டுக் கற்றுக்கொண்டால் அந்த வாரம் இரட்டிப்பாகப் பயன்படும்.

நீங்களே ஓட்டுவதானால், படகோட்டும் தகுதிச் சான்றிதழ் ஒருவரிடம் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டாவதாக ஒருவர், சான்றிதழ் இல்லாவிட்டாலும், தமக்குப் போதிய அனுபவம் உண்டு என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது கிரீஸின் நடைமுறை. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியும் இருக்கிறது: பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரு வழிகாட்டிப் படகோடு சேர்ந்து செல்லும் ஃப்ளோட்டில்லா. சான்றிதழ் இருந்தும் துணிவு வராதவர்களுக்கு அது பொருந்தும். மாலையில் துறையில் உங்கள் கயிற்றை வாங்கக் கரையில் ஒருவர் காத்திருப்பார்.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் வந்தால் மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்குமா?

இருக்காது. எங்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது. படகு நகரும்போதெல்லாம் அவர் உயிர்காப்புக் கச்சையை அணிந்திருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் இதை முதல் நாளே எல்லாரிடமும், குறிப்பாக ஸ்கிப்பரிடம், வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கூச்சத்தால் மறைப்பதுதான் ஆபத்து. நீச்சல் தெரிந்தவர்களும் காற்று பலக்கும்போதும் இரவிலும் கச்சை அணிவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓடும் படகிலிருந்து விழுந்தவரிடம் படகைத் திருப்பிக் கொண்டுவரச் சில நிமிடங்கள் ஆகும், அந்த நேரம் முழுவதும் அவர் மிதக்க வேண்டும்.

வாந்தி வருமா? பேருந்துப் பயணமே எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மேலே சொன்னதுபோல் காலைக் கடல் பெரும்பாலும் அசைவற்றிருப்பதால், பயப்படுகிற அளவுக்கு எல்லாருக்கும் வருவதில்லை. குமட்டல் தொடங்குவது பெரும்பாலும் உள்ளறையில் குனிந்து பை தேடும்போதும், கைப்பேசியைப் பார்க்கும்போதும்தான். மேல்தளத்துக்கு வந்து, தொடுவானத்தில் கண்ணை நிறுத்தி, சுக்கானைக் கையில் வாங்கிக்கொண்டால் பலருக்குச் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இஞ்சி மரப்பா கொண்டு போங்கள். எங்கள் படகில் முதலில் தீர்ந்த பொருள் அதுதான். மாத்திரை தேவைப்படுவோர் மருத்துவரைக் கேட்டு, பயணம் தொடங்கும் முன்பே சாப்பிட வேண்டும். குமட்டல் வந்தபின் விழுங்குவதால் பயன் குறைவு.

படங்களில் படகு ஒரு பக்கமாக அப்படிச் சாய்ந்திருக்கிறதே, கவிழ்ந்துவிடாதா?

பாய்மரப் படகு சாய்வது இயல்பு. படகின் அடியில், நீருக்குள், இரும்பினாலோ ஈயத்தினாலோ ஆன கனத்த அடிக்கட்டை ஒன்று தொங்குகிறது. படகின் மொத்த எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதுவே இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல், படகு சாயச் சாய அந்த எடை அதை நிமிர்த்தப் பார்க்கும். அதோடு, சாய்ந்த பாயின் மேல் காற்றின் பிடியும் குறைகிறது.

அளவுக்கு மேல் சாய்ந்தால் ஆபத்து கவிழ்வதில் அல்ல. ஆட்கள் வழுக்குவதிலும், உள்ளே பொருள்கள் சிதறுவதிலும், சுக்கான் பிடி தளர்வதிலும் இருக்கிறது. அப்போது பாயின் பரப்பைச் சுருக்க வேண்டும். சுருக்கலாமா என்று மனத்தில் தோன்றும் அந்தக் கணமே சுருக்குவதற்குரிய நேரம்; காற்று வலுத்த பிறகு அதே வேலை இரு மடங்கு கடினமாகிவிடும்.

தூங்குவது, குளிப்பது, கழிப்பறை எல்லாம் எப்படி?

நாற்பது அடிப் படகில் பெரும்பாலும் மூன்று அறைகள் இருக்கும், அறைக்கு இருவர். இரவில் வெக்கையாக இருந்தால் மேல்தளத்தில் படுக்கைப் பாயை விரித்துப் படுக்கலாம், எங்களில் மூவர் அப்படித்தான் படுத்தோம். நன்னீர்த் தொட்டி முந்நூறு நானூறு லிட்டர் கொள்ளும். கடலில் குளித்துவிட்டு, படகின் பின்புறக் குழாயில் உப்பை மட்டும் அலசிக்கொண்டால் ஆறு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும். வீட்டுக் குளியலறை என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தீரும்.

கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது. பக்கத்தில் அதற்கென்று தொட்டி இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது நீங்கள்தான் என்பதால், இந்த ஒரு விதியை மட்டும் யாருக்கும் தளர்த்தாதீர்கள். கழிவு சேரும் தொட்டியின் திறப்பு, துறைகளிலும் குளிக்கும் குடாக்களிலும் மூடியே இருக்க வேண்டும்.

நாங்கள் சைவம். ஒரு வாரம் ரொட்டியும் பழமும்தானா?

கிரீஸில் சைவர்களுக்குக் குறையே இல்லை. கிகாந்தெஸ் என்பது தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை போன்றது. ஃபாவா என்பது மசித்த மஞ்சள் பருப்பு, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் தூவி வரும். ப்ரியாம் என்பது காய்களை அடுக்கி அடுப்பில் வேகவைத்தது. ஹோர்த்தா என்பது வெந்த கீரை, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். கெமிஸ்தா என்னும் சோறு அடைத்த தக்காளியில் மட்டும் சில கடைகளில் இறைச்சி சேர்ப்பதால் கேட்டு வாங்குங்கள். மதிய உணவைப் படகிலேயே செய்துகொள்வது எளிது. மிளகாய்ப் பொடியும் பெருங்காயமும் ஊறுகாயும் ஊரிலிருந்து போனால் போதும்.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன் பிற்பாதியும் செப்டம்பர் முற்பாதியும். ஜூலை, ஆகஸ்டில் கடல் நீர் 25 டிகிரியைத் தாண்டி இதமாக இருந்தாலும், துறைகளில் இடம் கிடைப்பது கடினம், விலையும் கூடும். செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வானிலையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியா, இத்தாக்கா, சாக்கின்தோஸ் தீவுகளைத் தாக்கிப் பல படகுகளைக் கரையில் தூக்கி எறிந்தது. அத்தகைய புயல் அரிது. ஆனால் சூடேறிய கடலின் மேல் குளிர்காற்று வரும் பருவம் அது.

மதியம்தான் காற்று வரும் என்கிறீர்கள். அது எப்படி நேரம் பார்த்து வருகிறது?

அந்தக் காற்றின் பெயர் மைஸ்திரோ, வடமேற்கிலிருந்து வருவது. கோடையில் மேற்கே அழுத்தம் கூடியும் கிழக்கே துருக்கி நிலப்பரப்பின் மேல் குறைந்தும் இருப்பதால் மேற்கிலிருந்து ஓர் இழுப்பு எப்போதும் இருக்கிறது. பகலில் கிரீஸின் நிலம் சூடேறி அந்த இழுப்போடு சேரும்போது காற்று எழுகிறது. பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்கு உச்சத்தை அடைந்து, பொழுது சாயும்போது அடங்கிவிடுகிறது. காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 அல்லது 5, அதாவது மணிக்கு 11 முதல் 21 கடல் மைல் வேகம். தீவுகளுக்கு இடையிலான திறந்த வெளிகளில் இன்னும் சற்றுக் கூடும்; லெஃப்கடாவின் தென்முனையைத் தாண்டும் இடத்தில் அதை நாங்கள் நன்றாகவே உணர்ந்தோம்.

வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்ட நமக்கு, இங்கே திசைக்கொரு காற்றுப்பெயர் இருப்பது அந்நியமாகத் தோன்றாது. மைஸ்திரோ என்ற சொல் இத்தாலியத்திலிருந்து வந்தது. 1797 வரை இந்தத் தீவுகளை ஆண்டது வெனிஸ். கப்பலோட்டிகளின் சொற்களில் அந்த ஆட்சி இன்னும் இருக்கிறது.

காற்று மதியம் வருகிறது. துறைகளில் இடம் கிடைப்பது கடினம் என்கிறீர்கள், அப்படியானால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இதுதான் ஒவ்வொரு நாளின் உண்மையான முடிச்சு. கியோனி, ஃபிஸ்கார்தோ போன்ற சிறு துறைகள் கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கே நிரம்பத் தொடங்கும். நல்ல காற்று நான்கு மணிக்கு. ஐந்து வரை பாயில் போய் ஆசை தீர்ந்து வந்தால், துறையில் இடமும் இருக்காது. இருந்தாலும் உச்சக் காற்றில், பக்கவாட்டுத் தள்ளலில், கட்ட வேண்டி வரும்.

எங்கள் தீர்வு எளிது: நாளை மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டோம். இரண்டரைக்குத் துறை என்றால், பன்னிரண்டுக்குப் பாய். பன்னிரண்டுக்குப் பாய் என்றால் பத்தரைக்குக் குளியல் குடா. அதற்கு ஒன்பதரைக்குப் புறப்பாடு. காற்றின் முதல் இரண்டரை மணி நேரம் நமக்கு, மீதி பிறருக்கு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதை மாற்றி, விசாலமான குடாவில் நங்கூரமிட்டே இரவைக் கழிப்பதென்று முடிவு செய்து, மாலை ஆறு வரை பாயிலேயே இருந்தோம். மெகனிசியின் வடகரை நெடுக அத்தகைய குடாக்கள் விரல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளைப்போல் அடுத்தடுத்து உள்ளன. துறையில் இடம் தேவையில்லை என்ற நாளில்தான் காற்றை முழுதாக அனுபவிக்க முடியும்.

பின்பக்கமாகப் படகைக் கட்டுவது பெரிய பரீட்சை என்கிறார்களே, அது என்ன?

மத்தியதரைக் கடலில் ஓதமும் வற்றமும் மிகக் குறைவு என்பதால், படகுகளைக் கரைச்சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டாமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் அருகருகே நிறுத்துகிறார்கள். முன்பக்கத்தை நங்கூரம் பிடித்திருக்கும். பின்பக்கத்திலிருந்து இரண்டு கயிறுகள் கரைக்குப் போகும். கரையிலிருந்து நான்கைந்து படகு நீளம் தள்ளி, நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு நேர் எதிரே நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே மெதுவாகப் பின்னோக்கி வர வேண்டும். இடையில் சங்கிலி நிற்கக் கூடாது. முன்தளத்தில் இருப்பவருக்கும் சுக்கான் பிடிப்பவருக்கும் கைச்சாடை முன்பே பேசி வைத்ததாக இருக்க வேண்டும், ஏனெனில் எஞ்சின் ஒலியில் சொற்கள் கேட்காது. காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கரைக்குக் கொடுங்கள். அது கட்டப்பட்டுவிட்டால் மற்றதற்கு அவசரமில்லை.

இனி நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலியை இறுக்கி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடித்தரையில் நங்கூரம் இழுபட்டுக்கொண்டிருந்தால், கரடுமுரடான சாலையில் மாட்டுவண்டி போவதுபோல் ஒரு நடுக்கம் கைக்கு ஏறும். பிடித்துவிட்டால் அந்த நடுக்கம் நின்று, சங்கிலி விறைத்து, அமைதியாகிவிடும். எஞ்சினைச் சற்று வேகமாகப் பின்னோக்கி இயக்கியும் கை அமைதியாக இருந்தால் மட்டுமே இரவு உணவைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் இரண்டாம் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டோம். சங்கிலியும் குறைவாகவே விட்டிருந்தோம். ஆறு மணிக்குப் பக்கக் காற்று அடித்தபோது முன்பக்கம் விலகி, அடுத்த படகின் மேல் சாய்ந்தது. அவர்கள் மோதலைத் தாங்கும் தங்கள் காற்றடைத்த ஃபெண்டர்களை நடுவில் திணித்துக் காப்பாற்றினார்கள்; நாங்கள் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்கினோம். அன்றிலிருந்து ஒரு விதியைக் கடைப்பிடித்தோம்: யாரும் கரைக்குக் குதிக்கக் கூடாது, படகுக்கும் சுவருக்கும் நடுவே, அல்லது படகுக்கும் படகுக்கும் நடுவே, யாரும் கை காலை வைக்கக் கூடாது. பல டன் எடையைக் கையால் நிறுத்த முடியாது, ஃபெண்டர் நசுங்கினால் வேறு வாங்கலாம்.

காலையில் கிளம்பும்போது வேறொருவர் சங்கிலி நம் நங்கூரத்தில் சிக்கிக்கொண்டால்?

நெருக்கமான துறைகளில் இது அன்றாடம் நடப்பது, கோபப்பட ஒன்றுமில்லை. நங்கூரத்தை மெதுவாக நீர்மட்டம் வரை தூக்குங்கள். மேலே கிடக்கும் அவர்கள் சங்கிலியின் அடியில் ஒரு கயிற்றை நுழைத்து, அதன் இரு முனைகளையும் உங்கள் படகின் முன்புறத்தில் கட்டி, அந்தச் சங்கிலியைத் தொங்கவிடுங்கள். பிறகு உங்கள் நங்கூரத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் அது விடுபடும்; அதன்பின் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் அவர்கள் சங்கிலி கடலடிக்குப் போய்விடும். சங்கிலியைச் சுற்றும் இயந்திரத்தின் அருகே விரல்கள் இருக்கக் கூடாது. இதற்கென்று ஒரு நீளக் கயிற்றைக் காலையிலேயே முன்தளத்தில் வைத்துவிட்டால், வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

எங்கு வேண்டுமானாலும் நங்கூரம் போடலாமா?

கூடாது. தண்ணீருக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிவது பொசிடோனியா என்னும் கடற்புல். மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் தாவரம் இது. மீன்குஞ்சுகளுக்கு இருப்பிடமும் மணற்கரைக்குக் காவலும் அதுதான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே படர்வதால், ஒரு நங்கூரம் பெயர்த்த இடம் ஆற நெடுங்காலம் ஆகும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் இதன் மேல் நங்கூரமிடுவதையே சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் வெளிர்நீலமாகத் தெரியும் மணல் திட்டைத் தேடிப் போடுங்கள். புல்லின் மேல் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை. கடற்கரைக் குகைகளுக்குள் சிறு படகில் நுழையும்போதும் கவனம் வேண்டும். அழியும் அபாயத்தில் இருக்கும் துறவிக் கடல்நாய் என்னும் மத்தியதரைக் கடல் சீல் குட்டி போடும் இடங்கள் அவை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஏதேனும் தனிச் சிக்கல் உண்டா?

ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நேர்காணல் தேதிகள் விரைவில் நிரம்புவதால் தாமதிக்காதீர்கள். தங்குமிடச் சான்றாகப் படகு வாடகை ஒப்பந்தத்தையும் அனைவர் பெயரும் உள்ள பயணிகள் பட்டியலையும் கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடியே, தலைப்பெழுத்து விரிவோடு இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக மாறிவிடுவது வழக்கம். இன்னொன்று: வடக்கே கோர்ஃபு தீவிலிருந்து அல்பேனியா கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு அங்கே போய்விட்டால் திரும்ப முடியாது.

செலவைப் பகிர்வதில் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வராதா?

வரக்கூடியது பணத்தால் மட்டுமல்ல, வேலையாலும்தான். பணத்துக்கு, எல்லாரும் முதல் நாளே சம தொகை போட்டு ஒரு பொதுப் பையை வைத்து, டீசல், துறைக்கட்டணம், மளிகை, கடைச் சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுத்தோம். கரையோர உணவகங்கள் சில, தங்களிடம் சாப்பிடுகிறவர்களுக்குப் படகு கட்டும் இடத்தை இலவசமாகத் தருகின்றன. அந்தக் கணக்கும் பொதுவில் வந்துவிடும். படகுக்குக் கட்டும் முன்பணத்தில் சேதத்துக்காக ஏதேனும் பிடித்தால் யார் கையில் நடந்தாலும் ஆறு பேரும் பகிர்வது என்று புறப்படும் முன்பே பேசி முடித்தோம். இந்தப் பேச்சு மிக முக்கியம்.

வேலைக்கு, நாள்தோறும் பொறுப்பை மாற்றினோம். ஒருவர் எப்போதும் சமைத்து, ஒருவர் எப்போதும் சுக்கான் பிடித்தால் நான்காம் நாள் முகங்கள் மாறும். ஆனால் துறையில் கட்டும் அந்த இருபது நிமிடம் மட்டும் ஒருவர் சொல்வதே சொல். வாதம் இருந்தால் கட்டி முடித்தபின்.

ஏதாவது அவசரம் என்றால் நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது?

படகில் உள்ள வி.எச்.எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில். அதை எப்படி இயக்குவது என்பதை ஸ்கிப்பர் மட்டுமின்றி, இன்னும் இருவராவது முதல் நாளே கற்றிருக்க வேண்டும். ஆபத்துக்குள்ளாகிறவர் ஸ்கிப்பராகவே இருக்கலாம். கைப்பேசியில் கிரீஸ் கடலோரக் காவல்படையின் எண் 108. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் அதே எண் என்பதால் நம்மவர்களுக்கு மறக்காது. ஐரோப்பா முழுவதற்குமான 112 எண்ணும் உண்டு. அழைக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் இருக்கும் இடம். திரையில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாசியுங்கள்.

நங்கூரத்திலேயே இரவைக் கழித்தோம் என்றீர்களே. காற்று திரும்பினால் யாருக்குத் தெரியும்?

மைஸ்திரோ அடங்கியபின், மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இரவில் எதிர்த்திசையில் இறங்கி வருவது உண்டு. ஆகவே நங்கூரமிடும்போதே படகு முழு வட்டமும் சுற்றிவர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழத்தைப்போல் நான்கைந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். எட்டு மீட்டர் ஆழத்தில் நாற்பது மீட்டர் விட்டோம். கைப்பேசிச் செயலிகளில், படகு குறித்த வட்டத்தை விட்டு விலகினால் ஒலிக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

பழைய முறை இன்னும் நல்லது. இருட்டும் முன் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு பொருள்களைப் பார்த்து வையுங்கள்; இரவிலும் தெரிய வேண்டுமென்பதால் அதில் ஒன்றாவது விளக்காக இருக்கட்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு வீட்டின் வாசல் விளக்கும், அதன் பின்னால் வானத்தில் தெரிந்த மலை முகட்டின் பிளவும். இரண்டிரண்டு மணி நேரமாக முறை வைத்து, முறைக்குரியவர் ஒருமுறை மேலே வந்து அந்த நேர்கோட்டைப் பார்ப்பார். என் முறை மூன்று மணிக்கு வந்தது. காற்று திரும்பியிருந்தது, படகு கரைக்கு முகத்தைக் காட்டியபடி நின்றது. விளக்கு பிளவுக்கு நேராக இல்லை, சற்று வலப்பக்கம் விலகியிருந்தது. முன்தளத்துக்குப் போய்ச் சங்கிலியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். நடுக்கமே இல்லை, படகு நங்கூரத்தைச் சுற்றி நகர்ந்திருந்ததே தவிர, நங்கூரம் நகரவில்லை. புதிய நேர்கோட்டைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறைக்காரர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.